மணலுக்குள் ஒரு பித்தளைக் கோடு

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து எங்காவது ஓய்வுக்கென்று போனது அதுதான் முதல் தடவை. மலேசியாவின் ஜொகூரில், உலு திராமில் எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக்கடை இருக்கிறது. விடியற்காலையில் திறந்தால் இரவு வரைக்கும் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். அவர் முன்பக்கம் நின்று தேத்தண்ணி ஆற்றுவார். நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். இல்லாவிட்டால் அடுப்படியில் ஆணத்துக்கு, குழம்புக்கு, உப்பு சரியா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பெருநாளுக்கு மட்டும்தான் கடையை அடைப்போம்.

மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். மே மாதக் கடைசியில் லீவு கிடைக்கும் என்று நம்பி, மெர்சிங்கிலிருந்து படகில் போகிற ஒரு தீவில் மூன்று பேருக்கும் சேர்த்து அறை எடுத்துவிட்டாள். கடைசி நேரத்தில் அவளுக்கு லீவு இல்லை என்றாகிவிட்டது.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க ம்மா. கடைய சின்னத்தா பாத்துக்குவாங்க" என்றாள். சின்னத்தா என்றது என் கொழுந்தனாரை.

என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். "நாங்க கப்பல்ல வந்த குடும்பம்லா. கடல்ல புதுசா பாக்க என்ன இருக்கு?" என்றார். அவருடைய அத்தா, என் மாமனார், ராமநாதபுரக் கரையிலிருந்து கப்பல் ஏறி வந்தவர். ஆனால் இவர் படகில் ஏறிய நிமிஷத்திலிருந்து இறங்கும்வரை இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். நான்தான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கரையோரம் மண்நிறத்தில் இருந்த தண்ணீர் போகப்போகப் பச்சையாகி, தீவுக்குப் பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஆனது. அடியில் மீன்கள் ஓடுவது மேலிருந்தே தெரிந்தது.

நாங்கள் தங்கிய இடம் பெரிய ஓட்டல் இல்லை. கடலைப் பார்த்தபடி வரிசையாகச் சில மரவீடுகள். அதை நடத்தியவர் அந்தத் தீவுக் கிராமத்தை, கம்பத்தை, சேர்ந்த ஒரு மலாய்ப் பெண்மணி. எல்லாரும் அவரை காக், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அறையின் கூரைப்பலகையில் ஒரு பச்சை அம்புக்குறி ஒட்டியிருந்தது. மலேசியாவில் எந்த அறையில் தங்கினாலும் அது இருக்கும். தொழும்போது நாங்கள் முகம் வைக்கிற மக்காவின் திசையை, கிப்லாவை, காட்டுகிற அம்பு. போனதும் அதைப் பார்த்துப் பாயை விரித்து சாயங்காலத் தொழுகையான அஸர் தொழுதோம். மஃரிபும் இஷாவும் மறுநாள் விடியற்காலை சுபுஹும் அப்படியே.

சுபுஹு முடிந்ததும் என் வீட்டுக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் கடையில் முதல் ரொட்டி கல்லில் விழுந்திருக்கும். "காக் தேத்தண்ணி போட்டுட்டாங்களான்னு பாத்துட்டு வர்றேன்" என்று சமையலறைப் பக்கம் போய்விட்டார். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தேன்.

கடைசி மரவீட்டைத் தாண்டினால் ஒரு புல்திடல். அதற்கு அப்பால் கம்பத்து வீடுகளும், அவர்கள் தொழுகிற சிறிய சூராவும். திடலின் ஓரத்தில் ஒரு வாதாங்கொட்டை மரம் நின்றது. மழைக்காலத்துக் கடல் அதுவரைக்கும் மணலைக் கொண்டுவந்து தள்ளியிருந்தது. மரத்தைத் தாண்டும்போது கால்கட்டைவிரல் எதிலோ நன்றாக இடித்தது. வலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குனிந்து பார்த்தால் சிமெண்டின் ஒரு மூலை மணலுக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது.

கையால் கொஞ்சம் மணலைத் தள்ளினேன். மூலை விளிம்பாக நீண்டது. நீளமாக, தாழ்வாக, மரத்தடியில், ஊருக்கு ஒதுங்கின இடத்தில். எனக்குச் சட்டென்று கை நின்றுவிட்டது. கபுராக இருக்கும், யாரோ ஒரு நல்லடியார் அடங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். தலையை மூடியிருந்த துடோங்கைச் சரிசெய்துகொண்டு, சலாம் சொல்லி, குர்ஆனில் தெரிந்த ஒரு அத்தியாயத்தை ஓதினேன். ஓதி முடித்துவிட்டு எழுந்திருக்கும்போதுதான் மணலுக்குள் ஏதோ மஞ்சளாக மின்னியது.

அது பித்தளை. மறுபடியும் உட்கார்ந்து மெதுவாகத் துடைத்தேன். சிமெண்டின் நடுவில் பால்டின் மூடி அளவுக்கு ஒரு வட்டத் தகடு. அதன் மையத்தில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. அந்தப் புள்ளியின் வழியாக, இரண்டு பக்கமும், மெல்லிசாக ஒரு பித்தளைக் கோடு சிமெண்டில் பதித்திருந்தது. கடல் பக்கத்து நுனியில் அம்பு. தகட்டைச் சுற்றிலும் மலாயில் ஏதோ எழுத்துகளும் எண்களும் இருந்தன. உப்புக்காற்று தின்றதுபோக மிச்சம் இருந்ததை வைத்து ஒரு சொல்லையும் படிக்க முடியவில்லை. இந்தமாதிரி ஒன்றை நான் அதற்கு முன்னால் எங்கேயும் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் கையில் ஒரு கோப்பையோடு வந்தார். "சீனி கூட. பாலும் சரியில்ல" என்று காக்கின் தேத்தண்ணியைப் பற்றித் தொடங்கியவர், என் காலடியில் இருந்ததைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"எல்லைக்கல்லு. கவர்மெண்டு சாமான். தொடாத" என்றார்.

"எல்லைக்கல்லுக்கு எதுக்குங்க அம்பு?"

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கோட்டின் வால்பக்கம் போய் நின்று அம்பு காட்டிய பக்கம் பார்த்தார். நானும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். கடலுக்கு அப்பால், பெருநிலத்தில், புகைபோல இரண்டு மலைகள் தெரிந்தன. அம்பு அந்த இரண்டு மலைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை நேராகக் குறிபார்த்துக்கொண்டிருந்தது.

அறைக்குத் திரும்பியும் எனக்கு அந்த நினைப்பாகவே இருந்தது. தொழுகைப் பாயைக் கூரை அம்புக்கு நேராக விரித்து, அதன்மேல் நின்று, திறந்திருந்த சன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு நேராகத் தெரிந்தது அந்த மலைப்பள்ளம் இல்லை. அதற்கு நன்றாக வலதுபக்கம் தள்ளி, படகுத்துறையின் விளக்குக்கம்பம். மலை அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. நான் திடலிலிருந்து அறைக்கு நடந்து வந்ததில் அது இடம் மாறியிருக்க முடியாது. மணலுக்குள் இருந்த அம்பும் கூரையில் இருந்த அம்பும் வேறு வேறு இடத்தைக் காட்டின.

காக்கிடம் கேட்டேன். மலாயில்தான் பேசிக்கொண்டோம், ஆனால் எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

"அதுவா? அது கிப்லாக் கல்லு" என்றார் அவர், மீனைக் கழுவிக்கொண்டே. "பெருநாள் தொழுகை நாங்க அந்தத் திடல்லதான் தொழுவோம். ரொம்ப வருஷத்துக்கு முன்னால நில அளவைக்காரங்க வந்து வெச்சுட்டுப் போனாங்க. இப்ப சூராவ பெருசாக் கட்டப்போறோம்ல, அதனால நாளைக்கு ஆளுங்க வர்றாங்க. கல்லு அசைஞ்சிருக்கான்னு சூரியன்கிட்ட கேக்கப்போறாங்க."

"சூரியன்கிட்டயா?"

"வந்து பாருங்க. அஸருக்கு அப்புறம்."

கூரை அம்பைப் பற்றிச் சொன்னதும் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மழைக்கால ஈரத்தில் சில அறைகளில் அம்புகள் உரிந்து விழுந்துவிட்டனவாம். யார் எடுத்து எப்படி ஒட்டினார்கள் என்று தெரியவில்லை என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அறைக்கு வந்து என் வீட்டுக்காரரிடம், "அப்ப நேத்துலேர்ந்து நாம தொழுதது?" என்றேன்.

"நம்ம மனசுல இருந்த நிய்யத்து அல்லாவுக்குத் தெரியும். தெரியாமப் போனதுக்குக் கணக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் மதியம் லுஹருக்கு பாங்கு கேட்டதும் எழுந்தவர், கூரையைப் பார்க்கவே இல்லை. சன்னல் வழியாக அந்த மலைப்பள்ளத்தைப் பார்த்து, அதற்கு நேராகப் பாயை நகர்த்தி விரித்தார்.

மறுநாள் மதியப் படகில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவர் நில அளவைத் துறைப் பெண் அதிகாரி. முப்பது வயது இருக்கலாம். தோளில் முக்காலி, முதுகில் பை. இன்னொருவர் சமய இலாகாவைச் சேர்ந்தவர். வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். அஸர் தொழுகை முடிந்து கம்பத்து ஆட்கள் திடலுக்கு வந்தார்கள். கல்லைச் சுற்றி மணலைப் பெருக்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். பகல்வெளிச்சத்தில் அந்தப் பித்தளைக் கோடு கண்ணைப் பறித்தது.

அந்தப் பெண் முக்காலியைக் கல்லுக்கு மேல் நிறுத்தி, அதன் நடுவிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டார். நூல் நுனியில் கொத்தனார்கள் வைத்திருப்பதுபோல ஒரு தூக்குக்குண்டு. குண்டின் கூர்முனை தகட்டின் புள்ளிக்கு மேல் வரும்படி முக்காலியின் கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். அதில் அவர் காட்டிய பொறுமையைப் பார்த்துக்கொண்டே நான் மூச்சைப் பிடித்து வைத்திருந்தேன்.

தெற்கிலிருந்து காற்று அடித்தது. நூல் நிற்கவில்லை. "மக்சிக், ஒரு பால்டின்னும் சமையல் எண்ணெயும் கிடைக்குமா? குண்டு எண்ணெயில முங்கியிருந்தா ஆடாது" என்று சின்னம்மாவைக் கேட்கிறமாதிரி என்னைக் கேட்டார். நான் திரும்புவதற்குள் என் வீட்டுக்காரர் சமையலறையை நோக்கி நடந்துவிட்டார். கால்வாசி ஓட்டமாகத்தான் அந்த நடை இருந்தது. டின்னில் எண்ணெய் ஊற்றித் சிந்தாமல் கொண்டுவந்து, மண்டியிட்டு, அந்தப் பெண் சொன்ன இடத்தில் வைத்தார். குண்டு எண்ணெய்க்குள் இறங்கியது. ஆட்டம் குறைந்தது, ஆனாலும் மேலே நூல் அதிர்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அறையிலிருந்து தன் கைலி ஒன்றை எடுத்துவந்து, காற்று வருகிற பக்கம் நின்று, இரண்டு கைகளாலும் அதை அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டார். அவர் நல்ல ஆகிருதியான ஆள். நூல் நின்றுவிட்டது.

அப்போதுதான் சிமெண்டின் மேல் நூலின் நிழல் தெரிந்தது. முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு. பித்தளைக் கோட்டின் வால்பக்கம், அதைத் தொடாமல், சற்றுத் தள்ளி விழுந்திருந்தது.

இந்த நிழல் எதற்கு என்று நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவர் கைப்பேசியில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல சூரியன் மக்கால இருக்கற கஅபாவுக்கு நேர் உச்சியில வந்து நிக்கும், மக்சிக். அங்க அப்ப நடுப்பகல். அந்த நிமிஷம் கஅபாவுக்கு நிழலே இருக்காது. இங்க நமக்கு அதே சூரியன் மேற்க சாஞ்சு தெரியும். அப்ப சூரியனப் பாத்தா கஅபாவுக்கு மேல இருக்கற இடத்தப் பாக்கறோம். நேரா நிக்கற எதோட நிழலும் அப்ப கிப்லாக் கோட்டுலதான் விழும். வருஷத்துல ரெண்டு தடவ இப்படி வரும். இப்ப ஒண்ணு, ஜூலைல ஒண்ணு."

"கல்லு தப்பா இருக்குமோன்னு பயமா?"

"இல்ல. இத செயற்கைக்கோள வெச்சு அளந்துதான் பதிச்சிருக்காங்க. நான் அப்ப பள்ளிக்கூடத்துல இருந்திருப்பேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா கண்ணால பாத்ததில்ல. போன தடவ வேற ஊர்ல நின்னோம், மழை வந்துருச்சு."

அவர் அதைச் சொல்லி வாய் மூடியபோது பெருநிலத்து மலைகளின் மேல் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. ஜொகூரில் சாயங்காலம் அப்படித்தான். நிழல் பித்தளையை நோக்கி நகர்ந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் நகர்வது தெரியாது. கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் இன்னும் கொஞ்சம் நெருங்கியிருக்கிறது என்று தெரியும். இடைவெளி ஒரு நெல்மணி அளவுக்கு வந்தபோது வெளிச்சம் மங்கி, நிழல் கரைந்து, சிமெண்டு வெறும் சாம்பல்நிறமாக ஆனது.

கூட வந்திருந்த கம்பத்துப் பெண்கள் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கைகள் இறங்காமல் கைலியைப் பிடித்தபடியே நின்றார். அளவைக்காரப் பெண் கைப்பேசியைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், மறுபடி கைப்பேசியைப் பார்த்தார். அவர் உதட்டைக் கடித்ததைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. கேட்பதற்கு உரிமை உண்டோ இல்லையோ, நான் கேட்டேன். யா அல்லா, இந்தப் பிள்ளைக்குக் காட்டு என்று.

முதலில் கடலின் தூரத்து ஓரம் வெளுத்தது. அந்த வெளிச்சம் தண்ணீரின்மேல் எங்களை நோக்கி வந்தது. கரையில் ஏறியது, மரத்தைத் தொட்டது, கல்லின்மேல் விழுந்தது. மேகம் வருவதற்கு முன் வாலிலிருந்து நுனிவரை மின்னிக்கொண்டிருந்த பித்தளைக் கோட்டின் வால்பகுதி இப்போது மின்னவில்லை. நூலின் நிழல் அதன்மேல் நீளவாக்கில் படுத்திருந்தது. எந்தப் பக்கமும் பிசகவில்லை. டின்னின் நிழல் முடிந்த இடத்திலிருந்து கோடு முடியும்வரை ஒரே கறுப்பு.

அந்தப் பெண் கையை மட்டும் உயர்த்தினார். நேரம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக. வெள்ளைத்தொப்பிக்காரர் மெல்லிய குரலில் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார். அவருக்குப் பின்னால் எல்லாரும் சொன்னார்கள். உரக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

நான் நிமிர்ந்து சூரியனைப் பார்க்க முயன்றேன். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. வெளிச்சத்தால்தான் என்று இப்போது சொன்னால் பாதிதான் உண்மை. நாங்கள் இன்னும் மக்காவுக்குப் போனதில்லை. சின்ன வயதிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து வேளை அந்தப் பக்கம் திரும்புகிறேன். சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன், அலமாரியைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன், கடைக்குப் பின்னால் மாவுமூட்டைகளுக்கு நடுவில் திரும்பியிருக்கிறேன். அந்தச் சுவருக்கு அப்பால், அந்த மூட்டைகளுக்கு அப்பால், உண்மையாகவே ஒரு இடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. அங்கே ஒருவர் தலைக்கு மேல் நிற்கிற அதே வெளிச்சம், இந்தத் தீவில், என் கால் இடித்த கல்லின்மேல் வந்து ஒரு நூல் அளவுக்குக் கூடத் தப்பாமல் விழுகிறது. கபுரென்று நினைத்துச் சலாம் சொன்ன கல்லின் பக்கத்தில் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏதோ தோன்றி மகளுக்குப் போன் போட்டேன். தீவில் லைன் சரியாகக் கிடைக்காது, அன்றைக்குக் கிடைத்தது. அவள் வேலை முடிந்து, சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்கு வருகிற பாலத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம் நிக்கிற? சூரியன் தெரியுதா?"

"மூஞ்சிக்கு நேராத்தான் அடிக்குது. கண்ணு கூசுது ம்மா. ஏன், என்ன ஆச்சு? அத்தா நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க. அந்த சூரியன் இப்ப கஅபாவுக்கு நேர் மேல நிக்குது. நீ அத பாத்துக்கிட்டுதான் நிக்கிற."

அந்தப் பக்கம் பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம், "இப்பவா?" என்றாள், வேறு குரலில். "இப்பத்தான்" என்றேன். "சரி ம்மா, வைங்க. நான் பாக்கறேன்" என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வேலையெல்லாம் முடிந்து அளவைக்காரப் பெண் நூலைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் இன்னும் கைலியை விரித்தபடியே நிற்கிறார்.

"முடிஞ்சிருச்சுங்க" என்றேன்.

"தெரியும்" என்றார். ஆனாலும் உடனே கையை இறக்கவில்லை.

அன்று மஃரிபைக் கம்பத்து ஆட்களோடு திடலிலேயே தொழுதோம். பெண்களின் வரிசையில் காக் என் பக்கத்தில் நின்றார். தொழுது முடிந்ததும் அவர் அளவைக்காரப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போனார். எங்கள் அறைக்கு வந்தபோது கட்டிலின்மேல் நாற்காலி போட்டு ஏறி, அந்தப் பச்சை அம்பைச் சுரண்டி எடுத்தார். புதிதாக ஒன்றை அந்தப் பெண் சொன்னபடி திருப்பித் திருப்பி வைத்து, கடைசியில் உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் காக்கின் தேத்தண்ணியைக் குறை சொல்லவில்லை. இரண்டு கோப்பை குடித்தார்.

ஜூலை வந்தது. அந்த நாளை நான் ஞாபகப்படுத்தவே இல்லை. மதியக் கூட்டம் குறைந்து, சாயங்காலக் கூட்டம் வருவதற்கு முன்னால், அவர் ஏப்ரனைக் கழற்றிவிட்டுக் கடையின் பின்பக்கம் போனார். போய்ப் பார்த்தால், கூரைக்கம்பியிலிருந்து நூலைக் கட்டி, அதில் தராசின் எடைக்கல் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார். அடியில் எண்ணெய் டின். ரொட்டி போடுகிற ஆளும் பாத்திரம் கழுவுகிறவரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் தரையில் வெயில் இல்லை. கேஸ் கொண்டுவருகிறவர் லாரியைப் பின்சந்தில் நிறுத்தியிருந்தார். நம் தமிழ் ஆள்தான். நெற்றியில் எப்போதும் திருநீறு இருக்கும். காலிச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தவர், நாங்கள் எல்லாரும் ஒரு நூலைச் சுற்றி நிற்பதைப் பார்த்து நின்றார்.

"என்ன பாய், என்னா செய்றீங்க?"

என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. சூரியன் எங்கே நிற்கப்போகிறது, நிழல் எப்படி விழும், தீவில் என்ன பார்த்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னார். கேஸ்காரர் சிலிண்டரில் கையை வைத்தபடி கேட்டார். கேட்டு முடித்ததும் திரும்பித் தன் லாரியைப் பார்த்தார். பிறகு நிழலடித்திருந்த எங்கள் தரையைப் பார்த்தார். போய், லாரியில் ஏறி, சந்து முனைவரைக்கும் பின்னாலேயே ஓட்டிப்போய் நிறுத்தினார்.

வெயில் சந்துக்குள் வந்தது. சிமெண்டுத்தரையில், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில், மெல்லிசாக ஒரு நிழல் விழுந்தது. கேஸ்காரர் நடந்து திரும்பி வந்து, நூலுக்குக் காற்றுப் படாமல் கொஞ்சம் விலகி, எங்களோடு நின்றுகொண்டார்.